நூற்று நாற்பதும் அதில் பாதியும்

வேனில் நால்வர். சுவரொட்டியில் மூவர்.
நான் ஒலிமேசைக்காரி.
ஷெஃபீல்டுக்கு இன்னும் நாற்பது மைல்.
இகென்னா பின்னிருக்கையில் பொரித்த கோழியைப் பிரிக்கிறான்.
லாயிட் பெட்டிஃபர், க்ராய்டன் தாண்டியதிலிருந்து
வாய் திறக்கவில்லை.
ட்ரெம்லெட் மூன்றாவது முறையாகக் கேட்கிறான்:
"மஞ்சள் கம்பியை எடுத்து வைத்தாயா?"

எடுத்து வைத்தேன்.
மூன்று மடிக்கணினிகளுக்கும்
ஒரே கடிகாரத்தைச் சுமந்து போகிற கம்பி.
அது இல்லையென்றால்
இவர்கள் மூன்று தனி ஆட்கள்.

அப்படித்தான் இருந்தார்கள் நெடுநாள்.
அவனவன் படுக்கையறை, அவனவன் இரவு.
பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டத் தட்ட
காதுக்கு எட்டாத ஆழத்தில்
ஆளுக்கொரு கிணறு வெட்டினார்கள்.
வெட்டிய தட்டு ஒரே பிரதி.
அடுக்குமாடி உச்சியில் திருட்டு வானொலிக்காரன்
அதை ஒருமுறை சுழற்றுவான்;
டாம்ப் ஸ்டாப்பில் நிற்கிறவன் தோளில்
யாரோ கை வைத்ததுபோல் இருக்கும்,
திரும்பினால் யாருமில்லை.

பிறகு பத்திரிகைக்காரன் ஒருவன்
"சூப்பர் குரூப்" என்று எழுதினான்.
லாயிட் அதைக் கத்தரித்து
குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினான்,
மழிக்கும்போது தன் முகம் தெரியாதபடி.
"மேடையில் நின்று என்ன செய்வீர்கள்,
மின்னஞ்சல் பார்ப்பீர்களா?"
என்று கேட்டார் ஒரு விழாக்காரர்.
நல்ல கேள்வி.
மூவருமே பதில் சொல்லவில்லை.

அரங்க மேலாளர் திருமதி ஹெப்வொர்த்
கூரையைக் காட்டினாள்.
"இந்தச் சுண்ணாம்புப் பூ என்னைவிட மூத்தது."
மாலைச் சோதனையில்
மதுக்கூடத்துப் பாட்டில்கள்
ஒன்றன்பின் ஒன்றாக விளிம்புக்கு நடந்தன.
கயிறு போட்டுக் கட்டினோம்.

இரவு.
முதலில் வந்தது ஒலியல்ல, காற்று.
கால்சட்டையைப் பிடித்து உலுக்கியது.
தாளம் நிமிடத்துக்கு நூற்று நாற்பது என்று ஓடுகிறது,
உடம்பு அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.
கால் ஓடு என்கிறது,
தலை மெதுவாக, ஆகட்டும், ஆகட்டும் என்கிறது.
இடையில் உள்ள காலி இடத்தில்
அந்தப் பாஸ் உறுமி, குழைந்து, வாயைத் திறந்து மூடி,
வ்வ்வோ, வ்வ்வோ.
செவிக்குச் சொன்னதை மறக்கலாம்.
இது மெய்யில் எழுதியது.

ஐந்தாவது பாட்டில்
ட்ரெம்லெட் ஆடினான். ஆடியிருக்கக் கூடாது.
அவன் குதிகால் மஞ்சள் கம்பியில் சிக்க
கடிகாரம் அறுந்தது.
அவன் இயந்திரம் ஊமையாயிற்று.
இகென்னாவின் தாளம் ஒரு மயிரிழை முன்னே,
லாயிடின் பாஸ் ஒரு மயிரிழை பின்னே.
அந்த இழை நூலாகி, கயிறாகிக்கொண்டிருந்தது.

என் விரல் சறுக்குப்பொத்தானில்.
கீழே இழுப்பதுதான் என் வேலை.
இழுக்கவில்லை.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.

லாயிட், இந்தப் பயணத்திலேயே முதன்முறையாக,
திரையிலிருந்து தலையைத் தூக்கி
இகென்னாவைப் பார்த்தான்.
அவன் இவனைப் பார்த்தான்.
இருவர் கையும் வேகக் குமிழில்:
ஒருவன் துளி இழுக்க, ஒருவன் துளி தள்ள,
பழைய தட்டின் ஓரத்தை விரலால் வருடுவதுபோல.
பதினோரு சுற்று துரத்திக்கொண்டார்கள்.
பன்னிரண்டாவதில் இரண்டும் ஒன்றாக விழுந்தன.
கூட்டம் கத்தியது,
வேண்டுமென்றே செய்ததாக நினைத்து.
கூரையிலிருந்து கையளவு சுண்ணாம்பு
லாயிடின் தலையில் மாவாக இறங்கியது.
துடைக்கவில்லை.

நள்ளிரவு தாண்டி, வேன்.
திருமதி ஹெப்வொர்த்தின் ரசீது முன்கண்ணாடியில்.
"நீ முந்தினாய்," என்றான் லாயிட்.
அன்றைய அவன் முதல் சொல்.
"நான் எங்கே முந்தினேன், நீ தூங்கினாய்."
"தூங்கியவனா நூறு பேரைத் துள்ள வைத்தான்?"
"எண்ணூறு பேர். அதுவும் என் தாளத்தில்."
ட்ரெம்லெட் இருவரையும் திட்டினான்,
இருவரும் அவன் குதிகாலைத் திட்டினார்கள்.
நாட்டிங்ஹாம் பின்னால் போன பிறகும்
ஓயவில்லை.

"மஞ்சள் கம்பி?" என்றான் ட்ரெம்லெட், திடீரென்று.

"பையில்தான் இருக்கிறது" என்றேன்.
முனை வளைந்திருந்ததை
லீட்ஸ் வரட்டும் என்று
சொல்லாமல் விட்டேன்.